சொன்னவர் யார், யாரிடம்?

சில மாதங்களுக்கு முன் ஒரு பெரியவர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். தபால் இலாகாவில் முப்பத்தைந்து வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். நாவல்கள் நிறையப் படிக்கிறவர். கையில் ஒரு துணிப்பை. அதற்குள்ளிருந்து காலிகோ அட்டை போட்ட நீள நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். "நாற்பது வருஷத்துச் சேகரம் சார். படிக்கும்போது மனசில் தைக்கிற வாக்கியங்களையெல்லாம் இதில் எழுதி வைத்துக்கொள்வேன்" என்றார்.

புரட்டிப் பார்த்தேன். முத்து முத்தான எழுத்து. புத்தகத்தை நாலு பாகமாகப் பிரித்திருந்தார்: அரசியல், விமர்சனம், அன்றாடப் பழக்கங்கள், மனித சுபாவம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கீழே, வலது ஓரத்தில், சொன்னவர் பெயர். ஜான்ஸன், வால்டேர், ஆக்டன் பிரபு, சர்ச்சில், லா ரோஷ்பூகோ. கடைசிப் பாகத்தில், லா ரோஷ்பூகோவுக்கு அடுத்த பக்கத்தில், என் பெயரும் இருந்தது. எந்த எழுத்தாளனுக்கும் உச்சி குளிருகிற சமாசாரம்தான். எனக்கும் குளிர்ந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பிறகு வாக்கியத்தைப் படித்தேன். நன்றி என்பது வட்டி மாதிரி, கொஞ்ச நாள் ஒழுங்காக வரும், முதலை எவனும் திருப்பித் தர மாட்டான் என்பது அதன் சாரம். நான் எழுதினதுதான். ஆனால் நான் சொன்னதல்ல. என் நாவல் ஒன்றில் வட்டிக் கடைக்காரர் ஒருவர் வருகிறார். விதவையான தங்கையின் வீட்டைத் தன் பேருக்கு எழுதி வாங்கிக்கொள்ளப் போகிறார். "உனக்குக் கடை வைத்துக் கொடுத்ததே இவர்தானே அண்ணா" என்று அவள் செத்துப்போன புருஷனின் படத்தைக் காட்டிக் கேட்கிறாள். அதற்கு அவர் சொல்கிற பதில் அந்த வாக்கியம். அவர் எப்பேர்ப்பட்ட மனுஷர் என்று வாசகருக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதினேன். நோட்டுப் புத்தகத்தில் கடைக்காரர் இல்லை, தங்கை இல்லை, சுவரில் மாட்டின படம் இல்லை. வாக்கியமும் நானும்தான் இருந்தோம்.

"பெரிய சத்தியம் சார் இது" என்றார் பெரியவர். "என் தம்பியை நான்தான் படிக்க வைத்தேன். போன வருஷம் எங்களுக்குள் ஒரு மனஸ்தாபம். கடுதாசியில் இந்த வாக்கியத்தை அப்படியே எழுதி, கீழே உங்கள் பேரையும் போட்டு அனுப்பினேன். அதோடு பேச்சு வார்த்தை நின்று போயிற்று."

எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. ஒரு வாரம் இரவல் கேட்டு அந்த நோட்டுப் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். மற்ற வாக்கியங்களின் கதி என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும் போல் இருந்தது.

அரசியல் பாகத்தில் முதலாவது டாக்டர் ஜான்ஸன். அயோக்கியன் கடைசியில் போய் ஒண்டிக்கொள்ளும் இடம் தேச பக்தி என்று அவர் சொன்னது. எந்த நாட்டில் யுத்தப் பேச்சு எழுந்தாலும் சர்க்காரை எதிர்க்கிறவர்கள் இதை எடுத்து வீசுவது வழக்கம். ஜான்ஸன் இதைச் சொன்னது 1775 ஏப்ரல் 7-ந் தேதி, லண்டனில் ஒரு விடுதியில் பலரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் 'தேச பக்தர்கள்' என்று தங்களைத் தாங்களே சொல்லிக்கொண்டவர்கள், மன்னருடைய மந்திரிகளை எதிர்த்த கோஷ்டியார். ஜான்ஸனோ மந்திரிகள் பக்கம். 1762-லிருந்து வருஷத்துக்கு 300 பவுன் அரசாங்க உபகாரச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவர். அமெரிக்கக் குடியேற்றக்காரர்கள் வரி கட்ட மாட்டோம் என்று கிளம்பிய அந்த 1775-லேயே, அவர்களைக் கண்டித்து ஒரு பிரசுரமும் எழுதினார். ஆகவே, சர்க்கார் பக்கத்திலிருந்து எதிர்க்கட்சியை நோக்கி எய்த அம்பு அது. நாம் அதை எதிர்த் திசையில் எய்துகொண்டிருக்கிறோம். அம்பு கூர்மையாகத்தான் இருக்கிறது. எய்தவர் எங்கே நின்றார் என்பது மறந்துவிட்டது.

அது மறக்கக் கூடாது என்று அன்றே நினைத்தவர் ஒருவர் உண்டு. ஜான்ஸனின் சரித்திரத்தை எழுதிய பாஸ்வெல். 1791-ல், ஜான்ஸன் காலமாகி ஏழு வருஷம் கழித்து வெளிவந்த அந்தப் புத்தகத்தில், இந்த வார்த்தையைக் கொடுத்த கையோடு, உண்மையான நாட்டுப் பற்றை அவர் சொல்லவில்லை, சுயநலத்துக்குப் போர்வையாகப் போட்டுக்கொள்ளும் போலிப் பற்றைத்தான் சொன்னார் என்று விளக்கமும் சேர்த்திருக்கிறார். வாக்கியம் உலகம் சுற்றியது. விளக்கம் புத்தகத்திலேயே தங்கிவிட்டது.

பாஸ்வெல்லைக் குரு பக்தி மிகுந்த அசடு என்று கேலி செய்கிறவர்கள் இருந்திருக்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் பொன்மொழி சேகரிக்கத் தெரிந்தவர் உலகத்தில் அவர் ஒருவர்தான். ஜான்ஸனை அவர் முதல் முதலாகச் சந்தித்தது 1763 மே 16-ந் தேதி, டேவிஸ் என்பவருடைய புத்தகக் கடையில். ஜான்ஸனுக்கு ஸ்காட்லாந்துக்காரர்களைக் கண்டால் ஆகாது. பாஸ்வெல் ஸ்காட்லாந்துக்காரர். 'எந்த ஊர் என்று சொல்லிவிடாதீர்கள்' என்று கடைக்காரரைக் கெஞ்சுகிறார். கடைக்காரர் வேண்டுமென்றே சொல்லிவிடுகிறார். ஸ்காட்லாந்திலிருந்து வந்ததற்கு நான் என்ன செய்யட்டும் என்று பாஸ்வெல் குழைகிறார். உன் நாட்டுக்காரர்கள் பல பேர் அதைத் தவிர்க்க முடியாமல்தானே இங்கே வந்து சேருகிறார்கள் என்கிற பாவனையில் ஜான்ஸன் ஓர் அடி அடிக்கிறார். இருபத்திரண்டு வயசுப் பையன், தான் அவமானப்பட்டதை ஒன்று விடாமல் எழுதி வைத்தான். ஜான்ஸனின் சாமர்த்தியத்தை மட்டும் எழுதியிருந்தால் அது துணுக்கு. தான் நெளிந்ததையும் சேர்த்து எழுதியதால் அது இலக்கியம் ஆயிற்று. மேஜையைச் சுற்றி யார் யார் இருந்தார்கள், யார் சிரித்தார்கள், யார் முகம் சுண்டிப் போயிற்று என்பதெல்லாம் பாஸ்வெல்லுக்கு வேண்டியிருந்தது.

ஜான்ஸனுக்கு அடுத்தபடி ஆக்டன் பிரபு. அதிகாரம் மனிதனைக் கெடுக்கும் என்று பெரியவர் எழுதியிருந்தார். ஆக்டன் எழுதியது அப்படியல்ல. கெடுக்கப் பார்க்கும் என்பதுதான் அவர் எழுதியதன் கருத்து. முழு அதிகாரம் வந்துவிட்டால்தான் முழுக்கக் கெடுக்கும் என்று அறுதியிட்டுச் சொல்கிறார். 'கெடுக்கும்' என்பதற்கும் 'கெடுக்கப் பார்க்கும்' என்பதற்கும் நடுவில் ஒரு மனிதன் போராடித் தப்புவதற்கு இடம் இருக்கிறது. ஒரு நாவல் எழுதுகிற அளவு இடம்! மேற்கோள் சொல்கிறவர்கள் அந்த இடத்தை அடைத்துவிட்டார்கள்.

அதைவிட ஸ்வாரஸ்யமான விஷயம், இந்தப் பிரசித்தி பெற்ற அரசியல் வாக்கியம் ஒரு மதிப்புரைத் தகராறில் பிறந்தது என்பது. கிரைட்டன் என்ற கேம்பிரிட்ஜ் பேராசிரியர் போப்பாண்டவர்களின் சரித்திரத்தைப் பல பாகங்களாக எழுதினார். ஒரு சரித்திரப் பத்திரிகைக்கு அவரே ஆசிரியர். தம் புத்தகத்தின் புதிய பாகங்களுக்குத் தம் பத்திரிகையிலேயே மதிப்புரை எழுதும்படி ஆக்டனைக் கேட்டுக்கொண்டார். நம் பத்திரிகை உலகத்தை அறிந்தவர்களுக்கு மேலே என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கத் தோன்றும். ஆனால் ஆக்டன் சக்கைப் போடு போட்டு எழுதி அனுப்பிவிட்டார். இருவரும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். 1887 ஏப்ரல் 5-ந் தேதிக் கடிதத்தில் வருவதுதான் இந்த வாக்கியம். சாதாரண மனிதன் செய்தால் கொலை என்கிறோம், ராஜாவோ போப்போ செய்தால் சந்தர்ப்பம் என்கிறோம், சரித்திரக்காரன் அப்படி இரண்டு தராசு வைத்துக்கொள்ளலாமா என்பது ஆக்டனின் கேள்வி. போப்புகளைக் கண்டிக்கச் சொன்னவர் கத்தோலிக்கர். பரிந்து எழுதினவர் ஆங்கிலிக்கன் பாதிரியார். கடைசியில் கிரைட்டன் அந்த மதிப்புரையைத் தம் பத்திரிகையில் வெளியிட்டார். கையில் இருந்த பத்திராதிபர் அதிகாரம் அவரைக் கெடுக்கப் பார்த்திருக்கும், கெடுத்துவிடவில்லை. ஆக்டனின் வாக்கியத்துக்கு இதைவிட நல்ல உரை எழுத முடியாது. ஆனால் நோட்டுப் புத்தகத்தில் கிரைட்டனுக்கு இடம் ஏது?

வால்டேர் பேரில் ஒன்று இருந்தது. நீ சொல்வது எனக்குச் சம்மதமில்லை, ஆனால் அதைச் சொல்ல உனக்குள்ள உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன் என்ற தோரணையில் மேடைக்கு மேடை முழங்குகிறார்களே, அதுதான். வால்டேர் 1778-ல் காலமானார். வாக்கியம் 1906-ல் பிறந்தது. ஈவ்லின் ஹால் என்ற ஆங்கில மாது, வால்டேரின் நண்பர்களைப் பற்றிப் புனைபெயரில் எழுதிய புத்தகத்தில், ஹெல்வேஷியஸ் என்பவரின் நூலைப் பாரிஸில் எரித்த சம்பவத்தைச் சொல்லி, இப்போது வால்டேரின் மனப்பான்மை இப்படி இருந்தது என்று தம் சொற்களில் எழுதினார். மேற்கோள் குறி போட்டுவிட்டார். அவ்வளவுதான், அம்மாள் மறைந்து வால்டேர் நின்றுவிட்டார். நம் ஊரில் சொந்தக்காரர் தெரியாத தனிப்பாடல்கள் ஔவையார் பேரிலும் காளமேகம் பேரிலும் போய் ஒட்டிக்கொண்ட மாதிரி. பேர் பெற்றவனுக்குப் பிறர் பொருள் தானே வந்து சேருகிறது.

சர்ச்சில் விஷயம் இதற்கு நேர்மாறு. மற்ற ஆட்சி முறைகளையெல்லாம் பார்த்த பிறகு ஜனநாயகம் ஒன்றுதான் இருப்பதற்குள் தேவலை என்கிற அர்த்தத்தில் அவர் 1947 நவம்பர் 11-ந் தேதி காமன்ஸ் சபையில் பேசியபோது, இது யாரோ சொன்னது என்று தாமே ஒப்புக்கொண்டுதான் பேசினார். அவர் ஒப்புக்கொண்டதை நாம் ஒப்புக்கொள்ளவில்லை! இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே ஜனங்கள் ஓட்டுப் போட்டு அவரைப் பதவியிலிருந்து இறக்கினவர்கள். எதிர்க்கட்சிப் பெஞ்சியில் உட்கார்ந்தபடி அந்த மனிதர் அதைச் சொன்னார் என்பதில்தான் அதன் கனம் இருக்கிறது.

விமர்சனப் பாகத்திலும் ஜான்ஸன்தான் பெரிய பங்காளி. மேஜை செய்யத் தெரியாவிட்டாலும் மேஜை ஆடினால் தச்சனைக் கண்டிக்கலாம் என்று 1763-ல் அவர் சொன்னதை, 'நீ ஒரு நாவல் எழுதிக் காட்டேன்' என்று கேட்கிற எங்களைப் போன்றவர்களுக்குப் பதிலாக விமர்சகர்கள் வைத்திருக்கிறார்கள். நியாயமான பதில். ஆனால் அதே ஜான்ஸன், 1776-ல், விசித்திரமான எதுவும் நிலைக்காது என்று சொல்லி, அதற்கு சாட்சியாக ஸ்டெர்ன் எழுதிய 'டிரிஸ்ட்ரம் ஷாண்டி' நாவல் நிலைக்கவில்லை என்றார். இருநூற்றைம்பது வருஷமாக அந்த நாவலைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். பெரிய விமர்சகர், அழகான வாக்கியம், முழுத் தப்பு. ஒரு வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டது என்பதற்கும் அது சரி என்பதற்கும் சம்பந்தம் இல்லை என்று கற்றுக்கொள்ள இதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை. தச்சனை மட்டும் எழுதிக்கொண்ட பெரியவர், இதை எழுதிக்கொள்ளவில்லை. ஜெயித்த வாக்கியங்களைத்தானே யாரும் சேகரிக்கிறார்கள்?

மனித சுபாவத்துக்கு வருகிறேன். இங்கே ராஜா லா ரோஷ்பூகோ. 1613-ல் பிறந்த பிரெஞ்சுப் பிரபு. மன்னர் பக்கத்துக்கு எதிராகக் கலகத்தில் சேர்ந்தார். 1652-ல் பாரிஸ் ஓரத்தில் நடந்த சண்டையில் முகத்தில் குண்டுக் காயம் பட்டுக் கொஞ்ச காலம் பார்வையே போய்விட்டது. கலகமும் தோற்றது. அதன் பிறகு மாடம் த ஸாப்லே என்ற சீமாட்டியின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, சிநேகிதர்களோடு சேர்ந்து, மனித சுபாவத்தைப் பற்றிய வாக்கியங்களைக் கூழாங்கல்லைத் தேய்க்கிற மாதிரி தேய்த்துக்கொண்டிருந்தார். 1665-ல் அவை புத்தகமாக வந்தன. 1678-ல் ஐந்தாம் பதிப்பு வந்தபோது ஐந்நூற்றுச் சொச்சம் வாக்கியங்கள்.

இவற்றில் சந்தர்ப்பம் என்பதே கிடையாது. அதை அவரே கழுவிவிட்டார். அதனால்தான் நோட்டுப் புத்தகக்காரர்களுக்கு இவரிடம் இவ்வளவு பிரியம். ஞாபக சக்தி போதவில்லை என்று எல்லாரும் குறைபட்டுக்கொள்கிறார்கள், புத்தி போதவில்லை என்று ஒருவரும் குறைபட்டுக்கொள்வதில்லை என்கிற கருத்து அவருடையது. நேற்று உங்கள் வீட்டுக்கு வந்தவரிடமே இதைப் பார்த்திருப்பீர்கள். அன்றாடப் பழக்கத்தில் ஒரு சின்னக் கீறல் போட்டு உள்ளே இருப்பதைக் காட்டுகிற அந்தக் கைத்திறனை மறுப்பதற்கில்லை.

ஆனால் அவரையும் நாம் சரியாகப் படிப்பதில்லை. நம்முடைய நற்குணமெல்லாம் மாறுவேஷம் போட்ட துர்க்குணம் என்று அவர் சொன்னதாகச் சொல்கிறோம். பெரும்பாலும் அப்படி என்றுதான் அவர் சொன்னார். பதிப்புக்குப் பதிப்பு 'பெரும்பாலும்', 'அநேகமாக', 'வழக்கமாக' என்ற சொற்களைப் பல இடங்களில் தாமே சேர்த்துக்கொண்டு போனார். முதல் பதிப்பின் ஆரம்பத்தில் சுயப்பிரியத்தைப் பற்றிப் பக்கக் கணக்கில் நீண்ட ஒரு வாசகம் இருந்தது. அதை அடுத்த பதிப்பிலேயே எடுத்துவிட்டார். வயசாக ஆக, மனிதரை ஒட்டுமொத்தமாகத் தண்டிக்க அவருக்கு மனம் வரவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ஆக்டனிடமிருந்து 'பார்க்கும்' என்பதை உருவிய அதே கை, இவரிடமிருந்து 'பெரும்பாலும்' என்பதை உருவிவிட்டது. சுருக்கத்துக்காக உருவினோம் என்கிறோம். நிஜக் காரணம் வேறு. 'பெரும்பாலும்' என்ற சொல் இருந்தால், நம் தம்பி அதற்குள் அடங்குவானா மாட்டானா என்று யோசிக்க வேண்டியிருக்கும். அது இல்லாவிட்டால் யோசனை வேண்டியதில்லை.

பெரியவரின் சேகரத்தில் இல்லாத ஒருவரை இங்கே சொல்ல ஆசைப்படுகிறேன். லிக்டென்பெர்க். 1742-லிருந்து 1799 வரை இருந்தவர்; ஜெர்மனியில் கெட்டிங்கன் சர்வகலாசாலையில் பௌதிகப் பேராசிரியர். கூன் விழுந்த உடம்பு, குறும்பான மனசு. தம் குறிப்புப் புத்தகங்களுக்கு அவர் வைத்த பேர், வியாபாரிகளின் கடைச் சிட்டையிலிருந்து எடுத்தது. அன்றன்று வந்தது போனது எல்லாவற்றையும் சிட்டையில் கிறுக்கிவிட்டு, பிறகு சாவகாசமாகப் பேரேட்டில் ஏற்றுகிறார்கள் அல்லவா? அவர் கடைசி வரை பேரேட்டில் ஏற்றவே இல்லை. மின்சாரம், கனவு, பக்கத்து வீட்டுச் சண்டை, புத்தகம் படிக்கிறவர்களின் அசட்டுத்தனம், தம்முடைய சோம்பேறித்தனம் எல்லாம் சிட்டையிலேயே கிடந்து, அவர் காலமான பிறகு அச்சேறின. அவர் தீர்ப்புச் சொல்வதில்லை, சந்தேகத்தைச் சொல்கிறார். அதனால் அவரை யார் மேலும் எடுத்து வீச முடியாது. கடுதாசியில் எழுதித் தம்பிக்கு அனுப்பவும் முடியாது. மனித சுபாவத்தைப் பற்றி எழுதுகிறவனுக்கு அந்தச் சிட்டைதான் யோக்கியமான உருவம் என்று நினைக்கிறேன்.

நம்முடைய பழைய ஆசிரியர் ஒருவர் இதை வேறு விதமாகச் சமாளித்திருக்கிறார். பதினெண்கீழ்க்கணக்கில் உள்ள பழமொழி நானூறைப் பாருங்கள். முன்றுறை அரையனார் ஒவ்வொரு பாட்டிலும் ஒரு பழமொழியைக் கோத்திருக்கிறார். பெரும்பாலும் அது பாட்டின் கடைசியில்தான் வருகிறது. சந்தர்ப்பம் முன்னால், பழமொழி பின்னால். இன்ன நிலைமையில் இன்னார் இப்படிச் செய்தால், அதற்குப் பெயர் இது என்கிற கணக்கு. படிக்கிறவன் நிலைமையைத் தாண்டித்தான் பழமொழிக்கு வர வேண்டும். குறுக்கு வழி கிடையாது. இப்போதோ நோட்டுப் புத்தகம்கூட அவசியமில்லை. பொழுது விடிந்தால் கைப்பேசியில் பூங்கொத்துப் படத்தோடு பொன்மொழி வந்து நிற்கிறது. எல்லாம் வாலில்தான் இருக்கிறது, தலையைக் காணோம்.

குற்றம் வாசகருடையது மட்டும்தானா? இல்லை. நாவல் எழுதுகிற நாங்கள் செய்கிற காரியம் எனக்குத் தெரியும். அத்தியாயம் தள்ளாடும்போது ஒரு பொன்மொழியை முட்டுக் கொடுத்து நிறுத்துவோம். பென்ஸிலால் கோடு போடட்டும் என்றே சில வாக்கியங்களை எழுதுவோம். எழுதும்போதே அந்தக் கோடு கண்ணுக்குத் தெரியும். பாத்திரம் பேசுவதற்குப் பதிலாக, அதன் தோளில் ஏறிக்கொண்டு நாங்கள் பேசுவோம். இதைக் கண்டுபிடிக்க எளிய பரீட்சை ஒன்று உண்டு. அந்த வாக்கியத்தை எடுத்து வேறொரு பாத்திரத்தின் வாயில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் பொருந்தினால் அது எந்தப் பாத்திரத்துக்கும் சொந்தமில்லை, அடித்துவிடலாம். என் பழைய நாவல்களை இப்படிப் புரட்டிப் பார்த்ததில், மனசு மிகவும் சங்கடப்பட்டது. அடிக்க வேண்டியவற்றுக்கு நேரேதான் வாசகர்கள் பாராட்டுக் கடிதம் எழுதியிருந்தார்கள்.

ஒரு வாரம் கழித்துப் பெரியவர் வந்தார். உங்கள் புத்தகத்தில் ஓர் இடத்தில் எழுதலாமா என்று கேட்டேன். சந்தோஷமாகச் சம்மதித்தார், கையெழுத்துப் போடப் போகிறேன் என்று எண்ணிவிட்டார் போலிருக்கிறது. என் பேரை அடித்துவிட்டு அதற்குக் கீழே எழுதினேன்: 'சொன்னவர், வட்டிக் கடைக்காரர். யாரிடம், தங்கையிடம். எப்போது, உதவி செய்தவன் செத்த பிறகு.'

வாங்கிப் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார். "அப்படியானால் நன்றி மறந்தவன் சொன்ன வார்த்தையா சார் இது?" என்றார்.

"ஆமாம்."

"நான் உதவி செய்தவன் ஆச்சே! இதை நான் சொல்லியிருக்கக் கூடாதே" என்றார். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு நோட்டுப் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். தம்பிக்கு எழுதினாரா என்பது எனக்குத் தெரியாது.

அந்த நாவலுக்கு அடுத்த பதிப்பு வரும்போது வாக்கியத்தை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எடுக்கவில்லை. அதற்கு முன்னால் தங்கை கேட்கிற கேள்வியை இன்னும் இரண்டு வரி நீட்டியிருக்கிறேன்.